பரிசத் தட்டில் பச்சைப் பழம்

தனலெட்சுமி நீல டிரம்மின் மூடியைத் திறந்ததும் ஊதுபத்திப் புகை குப்பென்று முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே உள்ளே கையை விட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை எந்தப் பச்சையில் உள்ளே போனதோ, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அதே பச்சையில் வெளியே வந்தது. இரண்டாவது சீப்பும் அப்படியே. மூன்றாவதைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. டிரம்மைப் பிடித்தபடி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காலை பத்தரைக்கு, வேனில் இரண்டரை மணி நேரத் தொலைவிலுள்ள தங்காக் ஊரில் அவளுடைய ஒரே மகன் ரூபேந்திரனுக்குப் பரிசம். பெண் தர்ஷனா, அவனோடு சிங்கப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பெண்ணின் அப்பா கண்ணையா தங்காக்கில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செட்டியார். இவர்களோ கோத்தா திங்கியில் மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் பாடுபட்டு, இப்போதுதான் டவுனுக்கு வந்து வீடு வாங்கியவர்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு வருஷம் இழுத்தடித்த பிறகுதான் கண்ணையா தலையை ஆட்டினார். பெண் கேட்கப் போன அன்றும் அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மனைவி நாச்சியம்மைதான் வாயே திறக்கவில்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்தார், எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வை நாலு மாதமாகத் தனலெட்சுமியின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அதனால்தான் இந்தப் பரிசத்தில் யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஒன்பது தட்டு. புடவை, பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு, இனிப்பு என்று எல்லாம் முதல் தரம். பழத்தில்தான் வழுக்கிவிட்டது.

வழக்கமாகப் பாசார் சந்தையில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம்தான் ரஸ்தாளி வாங்குவாள். போன வாரம் ஆற்றில் வெள்ளம் வந்து கரையோரக் கம்பத்துக் கிராமத் தோட்டமெல்லாம் தண்ணீரில் நின்றது. அந்த அம்மாவின் மேசையில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல், பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே பெரிய பெரிய பழம், படத்தில் வரைந்த மாதிரி, பிளாஸ்டிக் பைக்குள் வரிசையாக இருந்தது. மேலே "ஆஃபர்" என்று பலகை. ஆஃபர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிற அளவுக்கு அவள் ஞானி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அழுகிவிடாமல் இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே கடும் பச்சையான மூன்று சீப்பைத் தேடித் தேடி எடுத்தாள்.

பழுக்க வைப்பது அவளுக்கு ஒரு கவலையே இல்லை. தோட்டத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். பழத்தைச் சாக்கில் சுற்றி, டிரம்முக்குள் வைத்து, ஊதுபத்தியைக் கொளுத்தி மூடி மூட்டம் போட்டுவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சள் பூத்து நிற்கும். மூட்டம் போட்டால் கல்லும் பழுக்கும் என்பது அவள் கணக்கு.

வெள்ளிக்கிழமை அவள் நாத்தனார் ஷாமளா கைப்பேசியில் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். "அண்ணி, அந்த மலிவுக் கடைப் பழத்த மட்டும் வாங்கிடாதீங்க. கப்பல்ல ஏத்துறப்பவே மருந்து அடிச்சிடுறாங்களாம். பழுக்கவே பழுக்காதாம். தின்னா வயித்துக்கு ஆகாதாம்." ஷாமளாவுக்கு இப்படி ஏதாவது வந்து, அதை நாலு பேருக்கு அனுப்பாத நாள் தூக்கம் வராது. இவளை நம்பினால் உப்பைக்கூட வாங்க முடியாது என்று தனலெட்சுமி பதிலே போடவில்லை. இப்போது அந்தக் குரல் காதுக்குள் மறுபடி மறுபடி ஓடியது.

சத்தம் கேட்டு அவள் கணவர் மகேஸ்வரன் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இப்படி உக்காந்திருக்க? ஒண்ணப் பிச்சுத் தின்னு பாரு" என்றார்.

"பிக்கிறதா? நல்லாச் சொன்னீங்க! கொறச் சீப்பத் தட்டுல வச்சுச் சபைக்குக் கொண்டு போவாங்களா? ஒரு பழம் கொறஞ்சாலும் சீருக்கு ஆகாது."

"அப்ப அமுக்கிப் பாரு."

கட்டைவிரலால் மெல்ல அமுக்கினாள். விரல் மெத்தென்று உள்ளே போனது. "வெம்பிப்போச்சுங்க" என்றாள். "பழுக்காமலே வெம்பிப்போச்சு. காயும் இல்ல, பழமும் இல்ல."

மகேஸ்வரன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பேசி ஆகாத இடத்தில் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். "கெளம்பு, வழியில வாங்கிக்கலாம்" என்றார்.

வாடகை வேனில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். ஷாமளா பழத்தட்டைப் பார்த்ததும், "அலமாக்! நான் சொன்னேன்ல, அண்ணி?" என்றாள். சொன்னது பலித்ததில் அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அதைப் பார்க்க விரும்பாமல் தனலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மைல் கணக்காகச் செம்பனைத் தோட்டம் ஓடியது.

பாதி வழியில், ஆயர் ஹீத்தாமில் வேனை நிறுத்தி, சாலையோரக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள். ஒரு கடையில் சின்னப் பழத்தில் ஒரே ஒரு சீப்பு தொங்கியது. அதிலும் மூன்று வெடித்து ஈ மொய்த்தது. மற்ற கடைகளில் இருந்த வாழைப்பழமெல்லாம் மாவில் முங்கி எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. மகேஸ்வரன் அதில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். தனலெட்சுமி பார்த்த பார்வையில், அதை அவர் வேனுக்கு வெளியே நின்றே தின்று முடித்தார்.

"அம்மா, பழத்துக்காக யாரும் கல்யாணத்த நிறுத்த மாட்டாங்க லா" என்றான் ரூபேந்திரன்.

"நிறுத்த மாட்டாங்கடா. சொல்லிக் காட்டுவாங்க. நீ பிள்ள பெத்து, அது பள்ளிக்கூடம் போனாலும் சொல்லிக் காட்டுவாங்க. பரிசத்துக்கே பச்சக் காயத் தூக்கிட்டு வந்தவங்கதானேன்னு. அதக் கேட்டுக்கிட்டு நீ அந்த வீட்டு வாசப்படி ஏறணும்."

அவனுக்கும் முகம் வாடிவிட்டது. கடிகாரம் வேறு விரட்டியது. தனலெட்சுமி மடியில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் பாதியை எடுத்துப் பழத்தின் மேல் சுற்றினாள். சுற்றச் சுற்றப் பச்சை எங்கேயாவது எட்டிப் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறென்ன.

தங்காக் வீட்டில் பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ஒன்பது தட்டையும் வரிசையாக வைத்தார்கள். உறவுக்காரர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நாச்சியம்மை ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். புடவையில் ஒரு கணம் நின்றார். தேங்காயைக் கடந்தார். பழத்தட்டுக்கு முன்னால் குனிந்து, மல்லிகைச் சரத்தை இரண்டு விரலால் விலக்கினார்.

நாச்சியம்மை நிமிர்ந்தார். "இந்தத் தட்ட மட்டும் எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் உள்ள வர்றீங்களா? உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றார்.

ஷாமளா பின்னாலிருந்து இடுப்பைக் கிள்ளினாள். தனலெட்சுமி தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கப் பூ உதிர்ந்தது. அடுப்படிக்குள் போனதும் நாச்சியம்மை கதவைச் சாத்தினார்.

அவர் பேசுமுன் தானே சொல்லிவிடுவது மேல் என்று தனலெட்சுமிக்குத் தோன்றியது. "ஆச்சி, தப்பு என்மேலதான். வெள்ளம் வந்து பாசார்ல பழம் இல்ல. மலிவுக் கடையில ஆஃபர்னு போட்டிருந்தான், வாங்கிட்டேன். மூட்டம் போட்டும் பழுக்கல, வெம்பிப்போச்சு. வேணும்னு செய்யல. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, என் மகன மட்டும் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அவன் நல்ல பிள்ள." கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

நாச்சியம்மை அவளையே பார்த்தார். "எந்தக் கடை? இங்கயும் மஞ்சப் போர்டு வச்சிருப்பானே, அதுவா?"

"ஆமா."

நாச்சியம்மை குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பித்தளை அண்டாவை இழுத்தார். மேலே போட்டிருந்த துண்டை எடுத்தார். அண்டா நிறையப் பச்சை வாழைப்பழம். அதே கடையின் பிளாஸ்டிக் பை. அதே ஆஃபர் சீட்டு.

"மாப்பிள வீட்டுக்காரங்க உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வாங்கினேன்" என்றார் மெல்லிய குரலில். "இந்தத் தடவயாவது மஞ்சளாகாதான்னு மூடி வச்சுப் பாத்தேன். ஆகல. இதத் தட்டுல வச்சா, செட்டியார் வீட்டுக் கஞ்சத்தனத்தப் பாருன்னு நீங்க கோத்தா திங்கி முழுக்கச் சொல்ல மாட்டீங்களா? விடிஞ்சதுலேருந்து ஒளிச்சு வச்சிருக்கேன். உங்க தட்டப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

தனலெட்சுமிக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. "அப்ப உங்களுதும் வெம்பிப்போச்சா, ஆச்சி?"

"வெம்புறதாவது! உள்ள நல்லாப் பழுத்திருக்கு. நாங்க வாரா வாரம் இதத்தான் திங்கிறோம்." நாச்சியம்மை அண்டாவிலிருந்து ஒன்றைப் பிய்த்து உரித்தார். பச்சைத் தோலுக்குள்ளிருந்து வெண்ணெய் நிறத்தில் பழம் வந்தது. வாசனை அடுப்படி முழுக்கப் பரவியது. "இந்தச் சாதிப் பழம் குளிர் ரூம்ல வச்சுப் பழுத்தாத்தான் தோலு மஞ்சளாகுமாம். நம்ம வீட்டுச் சூட்டுல வச்சா உள்ள மட்டும் பழுத்துடும், தோலு பச்சையாவே நிக்கும். கடையில வேல செய்ற பொண்ணு சொன்னா. நீங்க மூட்டம் வேற போட்டிருக்கீங்க, கேக்கணுமா?"

"மருந்து கிருந்து அடிக்கிறதா..."

"அஞ்சு வருஷமாத் திங்கிறேன். கல்லு மாதிரி நிக்கிறேனே!"

பாதியைப் பிட்டுத் தனலெட்சுமியின் கையில் வைத்தார். அவள் வாயில் போட்டாள். தேன்தான். விடிகாலையிலிருந்து நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல் ஒன்று சரிந்து விழுந்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் பழத்தோடு சேர்த்து மென்றாள். அப்பாடா என்று சொல்லக்கூட வாயில் இடமில்லை.

"அன்னைக்கு நீங்க வந்தப்ப நான் ஒரு வார்த்த பேசல" என்றார் நாச்சியம்மை, அடுத்ததை உரித்துக்கொண்டே. "பேசத் தெரியலங்க. எனக்கு உங்களப் பிடிக்கலன்னு நீங்க நெனச்சுப்பீங்கன்னு பொண்ணு எங்கிட்டக் கெடந்து சண்ட போட்டா."

கூடத்திலிருந்து கண்ணையாவின் குரல் வந்தது. "நாச்சி! நல்ல நேரம் போகுது. உள்ள என்னதான் நடக்குது?"

இரண்டு பேர் வாயிலும் பழம். நீங்க சொல்லுங்க என்று நாச்சியம்மை கையைக் காட்டினார். நீங்களே சொல்லுங்க என்று தனலெட்சுமி தலையை ஆட்டினாள். சிரிப்பு மூக்கு வழியே வந்து இருவருக்கும் புரையேறியது. கூடத்தில் பேச்சு நின்றுபோனது.

கதவைத் திறந்தவன் ரூபேந்திரன். அம்மாவின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. பின்னாலேயே தர்ஷனா, புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து நின்றாள். "அத்த, என்னாச்சு? அம்மா ஏதும் சொன்னாங்களா?" என்றாள். தனலெட்சுமியை அவள் அத்தை என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

தனலெட்சுமி பழத்தை விழுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்டாவிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து, பாதியை மருமகள் வாயிலும் பாதியை மகன் வாயிலும் வைத்தாள்.

"ஒண்ணும் ஆகலம்மா" என்றாள். "நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு."