இன்னும் முடிவு செய்யாத மேவிஸ்

தொலைக்காட்சிக்காரர்கள் ஹெல்ம்ஷா சந்தைக்கு வந்த அன்று மேவிஸ் ஹேவொர்த் பன்றி ரத்தத்தில் செய்யும் பிளாக் புட்டிங் வாங்கப் போயிருந்தாள். பொதுத்தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. போன முறை இந்தத் தொகுதி சில நூறு வாக்கு வித்தியாசத்தில் நீலக் கட்சியின் பக்கம் போயிருந்தது. நாடு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய வேண்டுமானால் ஹெல்ம்ஷாவைக் கேட்டால் போதும் என்று லண்டனில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அதனால் கறிக்கடைக்கும் பாலாடைக்கட்டிக் கடைக்கும் நடுவே ஒரு கேமராவும், மைக் பிடித்த ஓர் ஒடிசலான நிருபரும் நின்றிருந்தார்கள்.

மேவிஸுக்கு அவசரம் எதுவும் இல்லை. பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். பாலாடைக்கட்டிக்காரர் "சிவப்பு, எப்பவும் சிவப்பு" என்றார். நிருபர் நன்றி சொல்லி நகர்ந்தான். ஒரு பெண் "நீலம்" என்றாள். அவளுக்கும் ஒரு நன்றி, அவ்வளவுதான். மூன்றாவதாகக் குழந்தை வண்டியோடு வந்தவள் "தெரியலங்க, இன்னும் யோசிக்கல" என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அவள் வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை பேர், எது கவலை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குழந்தை அழ ஆரம்பித்த பிறகுதான் விட்டான்.

அடுத்து மைக் மேவிஸின் முகத்துக்கு நேரே வந்தது.

அவள் வாக்களித்து முடித்தாகிவிட்டது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தபால் வாக்குக்கு எழுதிக்கொடுத்திருந்தாள். சீட்டு வந்த அன்றே சமையலறை மேஜையில் வைத்துக் குறி போட்டு, உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.

"நீங்க யாருக்கு, மேடம்?"

"நானா? நான் இன்னும் முடிவு பண்ணல, கண்ணு" என்றாள் மேவிஸ்.

எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டான். பள்ளிக்கூடச் சமையலறையில், என்றாள். கணவர்? ஃப்ராங்க் போய் எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள்? ஒரே மகன், கனடாவில், ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவான். அவ்வளவையும் அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவள் சொன்னதை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

மறுநாள் காலை கிளெனிஸின் டீக்கடைக்குள் அவள் நுழைந்ததுமே கைதட்டல் கேட்டது.

"வாங்க வாங்க! நாட்டோட தலையெழுத்தே வருது, எல்லாரும் எந்திரிங்க!" என்றான் ரோனி டக்வொர்த். மீன்கடையை மகளிடம் விட்டுவிட்டுக் காலை முழுக்க செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பவன், ரத்தம்கூடச் சிவப்புக் கட்சி நிறம்தான் என்று சொல்லிக்கொள்பவன். அவனுக்கு எதிரே ட்ரெவர் பில்லிங். காப்பீட்டுக் கம்பெனியில் ஓய்வுபெற்றவர், வீட்டிலும் டை கட்டிக்கொண்டிருப்பவர், நீலம். வருஷக்கணக்காக மேவிஸ் அந்தக் கடையில் ஜன்னலோர மேஜையில் தனியாகத்தான் உட்கார்ந்து டீ குடித்தாள். அவர்கள் அவளுக்குக் காலை வணக்கம் சொல்வார்கள், பிறகு திரும்பிக்கொள்வார்கள்.

அன்று ரோனி காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டான். "இங்க உக்காரு, கண்ணு. அவங்க டீ என் கணக்குல, கிளெனிஸ்."

"முப்பத்துமூணு, முப்பத்துமூணு" என்று செய்தித்தாளைத் தட்டிக் காட்டினான். "நேத்து ராத்திரி வந்த கருத்துக்கணிப்பு. கயித்து மேல நிக்குது. யாருக்கும் மெஜாரிட்டி கெடையாது. எல்லாம் இவங்கள மாதிரி ஆளுங்க கையிலதான் இருக்கு."

"அது உன் பேப்பர் எடுத்த கணிப்பு" என்றார் ட்ரெவர். "என்னோடதுல நாங்க மூணு முன்னாடி இருக்கோம்."

"உன்னோடது ஃபோன்ல கேக்குறது. வீட்டு ஃபோனை இப்ப யாருய்யா எடுக்குறா? உன்ன மாதிரி வேலை வெட்டி இல்லாத நீலக்காரன்தான் எடுப்பான்."

"உன்னோடது கம்ப்யூட்டர்ல கேக்குறது. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி யாரு உக்காந்திருக்கா? வேலைக்கே போகாத உன் ஆளுங்க!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, அவங்க டீ ஆறுது" என்றாள் கிளெனிஸ்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். புதுக் கணிப்பு வரும். ரோனி ஒரு பக்கம் இழுப்பான், ட்ரெவர் இன்னொரு பக்கம் இழுப்பார். இருவரும் முடிந்ததும் மேவிஸைப் பார்ப்பார்கள். "சரி, நீங்க சொல்லுங்க. இன்னிக்கு எந்தப் பக்கம்?" மேவிஸ் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நேத்து கொஞ்சம் ரோனி பக்கம் இருந்தேன். இப்ப தெரியல" என்பாள். கடையே சிரிக்கும். காலையில் எழும்போதே அன்று என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். உதட்டுச் சாயம் புதிதாக ஒன்று வாங்கினாள்.

வீட்டுக்கும் ஆள் வந்தது. ஒரு மாலை, வெளிச்சம் போகாத நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நெஞ்சில் சிவப்பு ரிப்பன் பூவோடு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டியது. பெயர் லோர்னா. பகலில் பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை, மாலையில் கட்சிக்காக வீடு வீடாகப் போகிறாள்.

"உங்கள டிவில பாத்தேன். ரெண்டே நிமிஷம்."

"நனைஞ்சிருக்கியே. உள்ள வா. கெட்டில் சூடாத்தான் இருக்கு."

இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. ஃப்ராங்க்கின் நாற்காலியில் லோர்னா உட்கார்ந்தாள். மருத்துவமனைகளைப் பற்றிப் பேசினாள், தன் கால்வலியைப் பற்றிப் பேசினாள், கணவன் விட்டுப் போனதைப் பற்றிக்கூடச் சொன்னாள். இஞ்சி கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள். போகும்போது, "நான் மறுபடி வரலாமா?" என்றாள்.

"எப்ப வேணா வா. நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

லோர்னா திரும்பத் திரும்ப வந்தாள். அவள் வரும் நாட்களில் மேவிஸ் மதியமே கேக் போட்டுவைத்தாள். நீலக் கட்சியிலிருந்தும் ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அது மேவிஸுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ஏனென்றால் அவள் குறி போட்டது நீலத்துக்கு. பிறந்ததிலிருந்து சிவப்பைத் தவிர வேறெதையும் தொடாத வீட்டில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா பஞ்சாலையில் சங்கம் வைத்தவர். அந்த ஒரு குறியைப் பற்றி அவள் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

தேர்தலுக்கு முந்தின வாரம் லோர்னா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தபால் ஓட்டு லிஸ்ட்ல உங்க பேர் இருக்கே. கவர் வந்துதா?" என்று கேட்டாள்.

மேவிஸ் கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "வந்துச்சு. மேல, பீரோல இருக்கு. மனசு ஒரு பக்கமா நிக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"இனிமே தபால்ல போட்டா போய்ச் சேருமோ என்னவோ. பரவால்ல, அன்னிக்கு நேரா சாவடிலயே கொண்டுபோய்க் குடுக்கலாம். அந்த மேட்டுல உங்கள நடக்க விடமாட்டேன். நானே கார் எடுத்துட்டு வரேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

"சிரமமா? கணிப்பைப் பாத்தீங்கல்ல? ஒரு ஓட்டு, ரெண்டு ஓட்டுலதான் முடியப்போகுது."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. லோர்னா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்கு வந்தாத்தான் கொஞ்சம் உக்கார முடியுது" என்றாள். மேவிஸ் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

வாக்குப்பதிவு நாள் நல்ல வெயில். மேவிஸ் கோட்டு போட்டு, தொப்பி வைத்து, ஜன்னல் திரையை விலக்கி நின்றாள். லோர்னா வரமாட்டாள், ஆயிரம் வேலை இருக்கும் என்று ஒரு மனசு. வரவேண்டும் என்று இன்னொரு மனசு. மதியத்துக்குப் பிறகு ஹாரன் கேட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் காரில் ஏறிவிட்டாள். ஏன் ஏறினாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

லோர்னாவின் முகம் களைப்பில் வெளுத்திருந்தது. காலை முதல் சாப்பிடவில்லை என்றாள். வண்டி மேட்டில் ஏறியது. தெரிந்தவர்கள் யாரோ கையசைத்தார்கள், மேவிஸும் அசைத்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போவது போலிருந்தது. ஆரம்பப்பள்ளி வாசலில் வண்டி நின்றது.

"கவர் எடுத்தீங்கல்ல?"

மேவிஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

"லோர்னா, நான் அனுப்பிட்டேன்."

"எப்ப? நேத்தா?"

"சீட்டு வந்த அன்னிக்கே. டிவிக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே."

லோர்னா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "அப்படின்னா நான் வந்தப்பல்லாம்?"

"ஆமா."

"எங்களுக்குத்தானே போட்டீங்க?"

பள்ளிச் சுவரில் 'வாக்குச்சாவடி' என்று தாள் ஒட்டியிருந்தது. மேவிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு சாயங்காலம்" என்றாள் லோர்னா. குரல் உயரவில்லை. "வேலை முடிஞ்சு, வலிக்கிற காலோட வந்தேன். அந்த நேரத்துல ஒரு தெருவையே முடிச்சிருப்பேன். என் புருஷனப் பத்திக்கூட உங்ககிட்ட சொன்னேனே."

"நீ வர்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சும்மா."

"அத சொல்லியிருக்கலாமே. ஓட்டு போட்டுட்டேன், சும்மா டீ குடிக்க வான்னு."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

லோர்னா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "இந்த மாசம் வந்திருக்க மாட்டேன்" என்றாள். பிறகு கையை நீட்டி மேவிஸின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "எனக்கு இன்னும் நெறைய வீடு இருக்கு. இறக்கத்துல பாத்துப் போங்க."

மேவிஸ் வேலிக்கம்பிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வீடு வந்தாள். ஜன்னலிலிருந்து யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதுபோல் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கணிப்புகள் அத்தனையும் பொய்த்துப் போயிருந்தன. கயிற்றின் மேல் எதுவும் நிற்கவில்லை. நீலத்துக்குத் தனி மெஜாரிட்டி. ஹெல்ம்ஷாவையும் நீலமே வைத்துக்கொண்டது, மறுபடியும் சில நூறு வாக்குகளில்தான். ரேடியோவில் அந்த எண்ணைக் கேட்டதும் மேவிஸ் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஒரு தெருவில் எத்தனை வீடு, நாலு தெருவில் எத்தனை என்று மனசு தானாகக் கூட்டிப் பார்த்தது. கூட்டினாலும் அந்த எண் வரவில்லைதான். இருந்தும் நெஞ்சு லேசாகவில்லை.

டீக்கடையில் யாரும் நாற்காலியைத் தள்ளிவிடவில்லை. ரோனி செய்தித்தாளைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தான். ட்ரெவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார். மேவிஸ் நின்று பார்த்துவிட்டு ஜன்னலோர மேஜைக்கே போனாள்.

"எங்கேருந்துய்யா வந்தாங்க இத்தனை பேரு?" என்றான் ரோனி. "ஊர்ல கேட்டா எல்லாரும் சிவப்புங்குறான், இல்லன்னா தெரியலங்குறான். உள்ள போய் நீலத்துல குத்திட்டு வரான். ஒருத்தனுக்காவது வெளிய சொல்றதுக்கு முதுகெலும்பு உண்டா?"

"நான் போட்டேன்" என்றாள் மேவிஸ்.

யாரும் கேட்காமல் அவள் அந்தக் கடையில் பேசியது அதுதான் முதல் தடவை. கிளெனிஸ் கையில் துணியோடு நின்றுவிட்டாள்.

"என்ன போட்ட?" என்றான் ரோனி.

"நீலம். நீங்க எல்லாம் கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

ட்ரெவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிரே உட்கார்ந்து, பங்குச்சந்தை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அவரோடு தனியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு அலுப்பு என்று மேவிஸுக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

ரோனியின் முகம் மீன் செவுள் மாதிரி சிவந்திருந்தது. "பத்து நாளா என் டீயக் குடிச்சிருக்க" என்றான். பிறகு, "ஏன்?" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நிருபரோ, லோர்னாவோ, இவர்களோ, இந்த இரண்டு வாரமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"எங்க தெருவுல பஸ் ஸ்டாப்ப எடுத்துட்டாங்கல்ல, மேட்டுக்குக் கீழ கொண்டுபோய் வச்சாங்கல்ல? எல்லாருக்கும் எழுதினேன். நீலக் கட்சி கவுன்சிலர் அம்மா ஒருத்தங்கதான் வந்தாங்க. என்கூட அந்த மேடு பூரா நடந்தாங்க. நடுவுல ரெண்டு தடவ உக்காந்தோம்."

"பஸ் ஸ்டாப்பா?" ரோனி மேஜையில் அடித்தான். "அது ஊர் கவுன்சில் தேர்தல், மேவிஸ்! இது நாடு! பஸ் ஸ்டாப்புக்காகவா நாட்டையே தூக்கிக் குடுத்த? அந்த ஸ்டாப்பாவது திரும்பி வந்துச்சா?"

"வரல."

"வரல! கேட்டுக்க, கிளெனிஸ், அதுவும் வரல!"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான். முதுகைக் காட்டி உட்கார்ந்து, கணிப்புகள் எப்படித் தவறின என்ற கட்டுரையைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தான். நாற்காலி எதையும் அவன் நகர்த்தவில்லை. எழுந்து போகும்போது மட்டும் அவள் மேஜை அருகே நின்று, "அந்தக் கீழ் ஸ்டாப்ல உக்கார்றதுக்கு பெஞ்சாவது இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல."

"ம்ஹூம்" என்றான். போய்விட்டான்.

லோர்னாவை ஜூன் மாதத்தில் ஒருமுறை மருந்துக்கடை வரிசையில் பார்த்தாள். லோர்னா தலையசைத்தாள், கோபம் இல்லை, நிற்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் ஃபோனில், இங்கே எல்லாம் பழையபடிதான் என்றாள் மேவிஸ். பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் அந்த மாதத்து மாலைகளில் அவள் ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டினால் கேட்காமல் போய்விடக் கூடாதே.