முன்வரிசை அப்பா

சோபாக் கடை மேனேஜருக்கு இடுப்பு வலி. "இதுல ஒரு தடவ உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மனசு வராது சார்" என்று நாளெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து காட்டியே வந்த வலி என்பாள் அவர் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வீரம் பேசிவிட்டு, ஊசியைக் கண்டதும் சாய்கிற ஆண்களைத் தினமும் தாங்கிப் பிடிப்பவள். வலி என்று யார் சொன்னாலும் சட்டென்று உருகிவிட மாட்டாள்.

கடல் தாண்டி ஒரு தீவுக்குப் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போவது என்று முடிவானதிலிருந்தே மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் தரை துடைக்கிறவர்வரை சொல்லியாயிற்று. வீட்டில் பெட்டி கட்டியது அவள்; மருந்து வாங்கியது அவள்; சின்னவனின் ஒற்றைச் செருப்பைக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து எடுத்ததும் அவள். அவர் செய்த ஒரே வேலை, எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் தன் இடுப்புப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்ததுதான்.

"இது என்கிட்ட இருந்தாதான் பத்திரம். நீ எங்கயாவது வெச்சுட்டு முழிப்ப."

விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "முன்வகுப்புல ஒரு சீட் காலியா இருக்கு. இலவசமா மாத்தித் தரோம். உங்கள்ல யாராவது ஒருத்தர்..."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் மேனேஜரின் கை இடுப்புக்குப் போய்விட்டது. "எனக்குத்தாங்க. டாக்டரே சொல்லியிருக்காரு."

எந்த டாக்டர் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு டாக்டரை அங்கேயே உண்டாக்கியிருப்பார்.

விமானம் ஏறியதும் பெரியவளுக்குக் காது அடைத்து அழுகை. சின்னவனுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். ஓர் இடத்தில் நிற்கமாட்டான். பழச்சாற்றை அம்மாவின் மடியில் கொட்டினான். பிறகு குடித்ததையும் அவள் தோளில் வாந்தி எடுத்தான். காகிதத் துண்டு தீர்ந்தது. அவளுக்குப் பொறுமையும் தீர்ந்தது.

"போய் அப்பாவை வரச்சொல்லுடி."

பெரியவள் திரையை விலக்கிக்கொண்டு போய், போன வேகத்தில் திரும்பினாள். "கண்ணுல துணி கட்டிட்டுத் தூங்குறாரும்மா. நான் தொட்டேன். 'அம்மாகிட்ட போ'ன்னாரு."

"தூங்குறவரு எப்படிடி பேசுவாரு?"

"அதான் எனக்கும் புரியல."

வெகுநேரம் கழித்து மேனேஜரே தரிசனம் தந்தார். தலைமுடி படிந்து, முகம் தெளிந்து, கையில் கண்ணாடிக் கோப்பை. "பட்டனை அமுக்கினா சீட்டு கட்டில் மாதிரி நீளுதுடி! நம்ம கடையில இப்படி ஒண்ணு இல்ல பாரு." பிறகு மூக்கைச் சுளித்தார். "என்ன இங்க ஒரு வாடை?" கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரைக்கு அந்தப்புறம் போய்விட்டார்.

"அப்பா ஏன் போறாரு?" என்று சுண்டெலி சிணுங்கினான்.

"அவரு நம்ம ஆளு இல்லடா. நீ தூங்கு."

விமானம் இறங்கியதும் முன்வகுப்புக்காரர்களை முதலில் விட்டார்கள். அவர்களுக்குத் தனி வரிசை. மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறினார். அவள் ஒரு தோளில் மகனும் மறுதோளில் பையுமாக நீண்ட வரிசையில் ஊர்ந்து, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து, பைக்குள் கையை விட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாஸ்போர்ட் மூன்றும் அந்த இடுப்புப் பையில்! போனில் கூப்பிட்டாள். புது தேசத்தில் போன் உயிரோடு இல்லை.

தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி அவர்களை ஓர் அறைக்கு அழைத்துப் போனார். தரையோடு திருகி வைத்த நாற்காலிகள், மூலையில் தண்ணீர் இயந்திரம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆள் அனுப்பித் தேடினார். மேனேஜர் பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். எடுத்து வைத்திருந்தது தன் பெட்டியை மட்டும்.

வந்ததும் வராததுமாக மனைவிமேல் பாய்ந்தார். "கேட்டு வாங்கிக்க மாட்டியா? எல்லாத்தையும் நானே பார்க்கணுமா?"

அதிகாரி கையமர்த்தினார். மூன்று பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்தார். பிறகு சுண்டெலியிடம் குனிந்தார். "இவர் யாரு கண்ணு?"

"நம்ம ஆளு இல்ல. அம்மா சொன்னாங்க."

மேனேஜர் முகம் வெளிறியது. அதிகாரி பெரியவளைப் பார்த்தார்.

"அப்பாதான்," என்றாள் அவள். "ஆனா எங்க கூட வரல."

ஒரு வார்த்தையில் மனைவி இதைச் சரிசெய்திருக்கலாம். தோளில் காய்ந்து விறைத்திருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "கல்யாணம் பண்ணினவருதான். மத்ததை அவரையே கேளுங்க."

கேட்டார்கள். மகள் எந்த வகுப்பு? "நாலு... இல்ல, அஞ்சு." மகனுக்கு எந்த மருந்து ஆகாது? மேனேஜர் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்தாள். மகன் பிறந்த மாதத்தில் குளிரா வெயிலா என்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நீங்க பிள்ளைகளோட போகலாம்மா," என்றார் அதிகாரி. "இவரோட இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

"ஏய், என்னை விட்டுட்டா போற?" என்றார் மேனேஜர். குரல் கீச்சென்று வந்தது.

"பத்திரமான இடம்தாங்க. உட்காருங்க," என்றாள் மனைவி.

விடுதி அறையில் அவள் குளித்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அவளை ஒட்டிக்கொள்ள, மூவரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்கள். வெயில் தாழ்ந்த பிறகு வாடிய கீரைக்கட்டு மாதிரி வந்து சேர்ந்தார் மேனேஜர். ஒரு மன்னிப்பு வரும் என்று அவளும் ஒரு நிமிடம் எதிர்பார்க்கத்தான் செய்தாள்.

அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். இடுப்பைத் தடவியபடி கட்டிலில் சாய்ந்து, விடுதிப் போனில் கடைக்குப் பேசினார்.

"என்ன மரியாதைங்கற! நம்மள மட்டும் தனி ரூம்ல உட்கார வெச்சு, ரெண்டு ஆபீசருங்க எதிர்ல உட்கார்ந்து, குடும்பத்தைப் பத்தியெல்லாம் விசாரிச்சு... விடவே மனசில்ல அவங்களுக்கு."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டுமே. துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போனாள்.