ஆற்றங்கரையில் ஒரு குழாய்

"சித்தப்பா, என் கேமரா எனக்கு வேணும். இப்பவே வேணும்."

கடை வாசலைத் தாண்டிய வேகத்தில் இதைச் சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்கவில்லை. உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவும் இல்லை. பேருந்தில் இரண்டு மணி நேரம் இந்த வாக்கியத்தைத்தான் வாய்க்குள் மென்றுகொண்டு வந்தேன். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் விழுங்கித் தொலைத்திருப்பேன்.

காட்சிக்கு வைத்த குழாய் ஒன்றைச் சித்தப்பா துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை நின்றது. பில் போடும் அக்கா தட்டச்சை நிறுத்திவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று வாஷ்பேசின்கள். அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

சித்தப்பாவிடம் எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவள் அம்மா. எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. கல்லூரி இருந்தது சித்தப்பாவின் ஊரில். அப்பாவே வேண்டாம் என்றபோது, "என் வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு, அனுப்புண்ணா" என்று சொன்னவர் அவர். மூன்று வருடம் அந்த அறையில் தங்கிப் படித்தேன். அது நிஜம், நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டத்தோடு சேர்த்து அம்மா எனக்கு இன்னொன்றையும் கட்டிவிட்டாள். "அவர் வீட்ல சாப்பிட்டு வளர்ந்தவ நீ. அவர்கிட்ட குடுன்னு ஒரு வார்த்தை உன் வாயில வரக் கூடாது. உயிரைக் கேட்டாலும் நீதான் குடுக்கணும்."

உயிரைக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கேட்டது கேமராவை.

எனக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. விபத்தில் நசுங்கிய வண்டிகளின் படங்களை நாளெல்லாம் பார்ப்பேன். ஒவ்வொரு படமும் எதையாவது நிரூபித்தாக வேண்டும். கீறல் எங்கே, ஆழம் எவ்வளவு, தப்பு யார் மேல். அதனால்தான் எதையும் நிரூபிக்காத படங்கள் எடுக்க ஆசை வந்தது. மழைக்கு ஒதுங்கி நிற்கும் நாலு பேர். சலூன் கண்ணாடியில் தெரியும் தெரு. முதல் போனஸில் கைக்கு அடக்கமான ஒரு கேமரா வாங்கினேன். சரியாக ஐந்து மாதம் என்னிடம் இருந்தது. "கடைக்குக் கேட்டலாக் போடணும்மா, ஒரு வாரம் குடு" என்று சித்தப்பா வாங்கிப் போனார். அந்த ஒரு வாரம் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஒன்றேகாலுக்கு எனக்கு ரயில். நாலு நாள். எனக்கு யாரையும் தெரியாத ஊர். பெரிய ஏரி ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றித் தெருக்கள் இருக்கின்றன, நடக்கலாம், படம் எடுக்கலாம். அவ்வளவுதான் திட்டம். வீட்டில் ஆபீஸ் ட்ரெயினிங் என்று சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பெண் வெளியூர் போக வேண்டுமென்றால் கல்யாணம் இருக்க வேண்டும், சாவு இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

"கேட்டலாக் இன்னும் முடியலம்மா" என்றார் சித்தப்பா, குழாயைப் பார்த்தபடி.

"எட்டு மாசமாவா? எத்தனை குழாய் சித்தப்பா இருக்கு உங்க கடையில?"

"நூத்திப் பதினாலு அயிட்டம்" என்றார் பில் அக்கா. யாரும் அவரைக் கேட்கவில்லை. "அந்தக் கேட்டலாக் வர்றதுக்குள்ள இதெல்லாம் துருப்பிடிச்சிடும், பாரு."

"நீ பில்லைப் பாரு" என்றார் சித்தப்பா.

"பாத்துட்டுதான் இருக்கேன். கடையில நான் ஒருத்திதானே இருக்கேன் பாக்குறதுக்கு." என் பக்கம் குனிந்து, கடை முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார். "முதலாளி இப்பல்லாம் டெலிவரி வண்டியில டிரைவர் பக்கத்துல ஏறி ஊர் ஊரா போயிடுறாரு. கேட்டா, ஃபிட்டிங் சரியா இருக்கான்னு பாக்கப் போறாராம். இருபது வருஷமா இல்லாத ஃபிட்டிங்!"

சித்தப்பாவின் காது சிவந்தது. "உள்ள வாம்மா" என்று கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

மேசையின் கீழ் இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தார். கேமரா ஒரு புது மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. வார் அறுந்த இடத்தில், குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை நெருக்கமாக, அழகாகச் சுற்றியிருந்தார். லென்ஸ் மூடி தொலைந்துபோயிருக்க வேண்டும். அதற்குப் பதில் பிளாஸ்டிக் பைப்பை அடைக்கும் மூடி ஒன்றை உள்ளே பஞ்சு ஒட்டி மாட்டியிருந்தார். நான் இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்ததில்லை.

எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு மாசம்..."

"இல்ல."

"உனக்குப் புதுசா வேணா..."

"எனக்கு என்னோடதுதான் வேணும். உங்களுக்குக் கேட்டலாக் வேணும்னா போட்டோகிராபரைக் கூப்பிடுங்க. ஒரே நாள் வேலை. எட்டு மாசம் என் கண்ணைப் பிடுங்கி டிராயர்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க, தெரியுமா?"

இப்போது வரும் என்று காத்திருந்தேன். மாடி அறை வரும், மூன்று வருடச் சாப்பாடு வரும், பரீட்சைக்கு முன்னால் சித்தி ஃபிளாஸ்கில் வைத்த காபி வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன், சூடாக, வரிசையாக. ஒன்றுகூட வரவில்லை.

அவர் சொன்னது இதுதான். "குடுத்துட்டா படமெல்லாம் போயிடுமேம்மா."

"எந்தப் படம்? குழாய் படமா?"

கேமராவை என் பக்கம் நீட்டினார். வாங்கி, பின்பக்கத் திரையில் முதலிலிருந்து பார்த்தேன்.

முதல் முப்பது படம் கேட்டலாக்தான். குழாய், குழாய், பேசின், குழாய். முப்பத்தொன்றாவது படத்தில் கடை வாசல் படியில் ஒரு குழாய் இருந்தது, பின்னால் மழைத் தண்ணீர் தேங்கிய தெரு. அடுத்ததில் அதே குழாய் ஒரு பாலத்துக் கைப்பிடிச் சுவரில், பின்னால் ஆறு. அப்புறம் ரயில்வே கேட் பக்கத்தில். ஒரு பாறை மேல், பின்னால் மலை. ஆற்றங்கரை மணலில் நட்டுவைத்த மாதிரி, தூரத்தில் பரிசலில் யாரோ. ஊர் ஊராக அந்தப் பளபளக்கும் அரை இஞ்ச் குழாய் சுற்றுலா போயிருந்தது.

"இது என்ன சித்தப்பா?"

"யாராவது கேட்டா கேட்டலாகுக்குன்னு சொல்லலாம்ல" என்றார். குரல் பாதாளத்தில் இருந்தது. "ஒரு வியாபாரி நடுரோட்ல நின்னு ஆத்தை படம் எடுத்தா, கடை படுத்துடுச்சுன்னு சொல்லுவான். குழாய் இருந்தா விளம்பரம்பான்."

எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் கேமராவில், என் எட்டு மாதத்தில், இவர் ஆறு பார்த்திருக்கிறார், மலை பார்த்திருக்கிறார். நான் ஃபோனில் விரல் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் படங்கள் நகர நகர விரல் மெதுவானது. குழாய் சிறிதாகிக்கொண்டே போனது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் மங்கலானது. ஓரிடத்தில் அதன் மூக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம் காணவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் தூங்கும் டிரைவர். இன்னும் கூரை போடாத ஒரு வீட்டின் ஜன்னல் வழியாக வயல். பேருந்தில் முன் சீட்டுப் பெண்ணின் ஈரத் தலை. காலை எட்டு மணிக்கு ஒரே தெருமுனை, பதினேழு நாள்.

நன்றாக இருந்தன. சிலது என்னுடையதைவிட நன்றாக இருந்தன. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லவும் இல்லை.

"கேட்டலாக் முடிஞ்சா கேமராவைத் திருப்பிக் குடுக்கணும். அதான் முடிக்கல" என்றார் சித்தப்பா, நான் கேட்காமலே.

எனக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. என் தோள்கள் இரண்டும் கீழே இறங்கின. இத்தனை நாள் அவை காதுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு இருந்ததே எனக்குத் தெரியாது. இவர் என்னிடம் எந்த நன்றியையும் வசூலிக்கவில்லை. திருட்டுத்தனமாக ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆசைப்படுகிறவரிடம் சண்டை போடலாம். அது எவ்வளவு நிம்மதி!

"படம் எங்கயும் போகாது சித்தப்பா." அடிப்பக்க மூடியைத் திறந்து நகத்தளவு கார்டை எடுத்து நீட்டினேன். "எல்லாம் இதுலதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா சுவர் அளவுக்குப் பெருசா பாக்கலாம்."

"இதுலயா? ஆயிரத்துச் சொச்சம் படமும்?"

"ஏன் இதை யார்கிட்டயும் கேக்கல?"

"கேட்டா படத்தைக் காட்டுன்னு சொல்லுவாங்களே."

கார்டைச் சட்டைப் பையில் போட்டார். எடுத்து இழுப்பறையில் வைத்தார். திரும்ப எடுத்துச் சட்டைப் பையிலேயே போட்டுப் பையை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நான் என் பையிலிருந்த புது கார்டைக் கேமராவில் செருகினேன்.

"உங்களுக்குன்னு ஒண்ணு வாங்குங்க."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுல பல்லு கட்டிக்கிட்டீங்கள்ல? அது மாதிரி."

அவர் பதில் சொல்வதற்குள் மேசை மேல் ஃபோன் அடித்தது. அம்மா. போகிற வழியில் கடைக்குப் போவதாகக் காலையில் உளறிவிட்டிருந்தேன். அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"தம்பி, அவ அங்க வந்திருக்காளா? எக்குத்தப்பா ஏதாவது கேட்டாளா? மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. உங்க வீட்டு உப்பைத் தின்ன கழுதை, வாய் மட்டும் வளர்ந்துடுச்சு."

"ஐயோ அண்ணி, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா பேசிட்டிருக்கோம்."

"சீக்கிரம் அனுப்பி விடுங்க. ட்ரெயினிங்குக்கு நேரமாயிடும்."

ஃபோனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். முதுகுப் பை, நடக்கிற ஷூ, பையில் தொங்கிய தொப்பி.

"ட்ரெயினிங்ல தொப்பி எல்லாம் போடச் சொல்றாங்களா?"

மறைக்கத் தோன்றவில்லை. "ட்ரெயினிங் எல்லாம் இல்ல. ஏரியைப் பாக்கப் போறேன். நாலு நாள். தனியா. படம் எடுக்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட! இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே. அண்ணியை நான் பாத்துக்கிறேன். கேட்டலாகுக்கு ஏரிக்கரையில படம் வேணும், நான்தான் அனுப்பினேன்னு சொல்லிடுறேன். நாலு நாள் என்ன, பத்து நாள் இரு." குனிந்து இழுப்பறையின் பின்பக்கம் துழாவி அந்த அரை இஞ்ச் குழாயை எடுத்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. "இதைப் பையில போட்டுக்கோ. கனம் இல்ல. யார் கேட்டாலும் பட்டுனு எடுத்து முன்னாடி வெச்சிடு. நான் ஒரு தடவைகூட மாட்டினதில்லை."

அவர் எனக்குக் கொடுக்க நினைத்த மிகச் சிறந்த பொருள் அதுதான், அதில் சந்தேகமில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன். மினுக்கென்று சுத்தமாக இருந்தது. ஆறு, மலை, ரயில்வே கேட் என்று ஒரு மனிதன் எட்டு மாதம் ஆசையாகப் பார்த்ததற்கெல்லாம் இது முன்னால் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் குழாயின் பெயர் ட்ரெயினிங்.

மேசை மேல் வைத்தேன். "வேணாம் சித்தப்பா."

"ஏம்மா? கனமே இல்லையே!"

"இருக்கட்டும்."

கேமராவைக் கழுத்தில் மாட்டினேன். மணி பன்னிரண்டே கால். கதவைத் திறந்தபோது பில் அக்கா விழுந்தடித்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். "கேட்டலாக் முடிஞ்சுதா?" என்றார் மூச்சு வாங்க.

"முதலாளியைக் கேளுங்க. பாக்கெட்ல வெச்சிருக்காரு. காட்டச் சொல்லுங்க."

"ஏய்!" என்றார் சித்தப்பா உள்ளேயிருந்து. ஆனால் கை சட்டைப் பையில்தான் இருந்தது. பின்னாலேயே வாசல்வரை வந்துவிட்டார். "அண்ணி திரும்பக் கூப்பிடுவாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"ஊர் சுத்தப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"காரணம் கேப்பாங்களேம்மா!"

"காரணம் இல்லைன்னு சொல்லுங்க. இல்ல, விடுங்க. நீங்க சொல்ல வேணாம்." ஃபோனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டுப் படியிறங்கினேன். "நானே சொல்லிக்கிறேன்."