நழுவிய மைனஸ்

என் வலது கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். போன செமஸ்டர் கருத்துப் படிவத்தில், "சுப்ரமணியன் சார் போர்டில் எழுதுவதைப் படிக்க முடியவில்லை" என்று பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

துறைத்தலைவர் ஜெயசீலி மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "ஸ்லைடு போட்டு எடுங்க சார். வெள்ளிக்கிழமை நானும் க்ளாஸ்ல வந்து உட்கார்றேன். சரி வரலைன்னா கால்குலஸை ஷ்யாம்சுந்தருக்குக் கொடுத்துடலாம். நீங்க எக்ஸாம் வேலை பாருங்க."

ஸ்லைடில் வரும் கணக்கு வடித்து வைத்த சோறு. எனக்கு உலை கொதிப்பதிலிருந்து காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர் வீட்டில் பழைய லேப்டாப்பைக் குடைந்தபோது, ஊரடங்கு கால வீடியோக்கள் கிடைத்தன. அப்போது மகள் ஸ்ம்ருதி வீட்டில் இருந்தாள். இரண்டு பருப்பு டப்பாக்களின் மேல் இரண்டு ஸ்கேல்களைக் குறுக்கே வைத்து, அவற்றின் மேல் போனைப் படுக்க வைத்தாள். காமெரா கீழே நோட்டைப் பார்க்கும். நான் எழுத எழுத மாணவர்கள் பார்ப்பார்கள். "ஸ்டாண்டு வாங்காதீங்கப்பா, இதுவே போதும்" என்றாள். இப்போது அவள் பெங்களூரில். டப்பாக்களில் மறுபடி பருப்பு.

வீடியோவில் என் முகம் இல்லை. கை மட்டும் வந்தது. ஆடாத, அசையாத கை. இண்டக்ரல் குறியை ஒரே இழுப்பில் போட்டது. பொறாமையாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியாமல் மூடிவிட்டேன். ஆனால் வழி கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ப்ரொஜெக்டர் என் பழைய கையை ஒயிட்போர்டின் மேல் காட்டியது. நான் பக்கத்தில் நின்று விளக்கினேன். கடைசி பெஞ்சில் மேடம், மடியில் டைம்டேபிளுடன். எல்லாம் நன்றாகத்தான் போனது, வீடியோவில் என் மனைவி ரமாவின் குரல் வரும்வரை.

"ஏங்க, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?"

"மூணு," என்றது என் பழைய குரல். வகுப்பே சிரித்தது. முதல் பெஞ்ச் ஜெயஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. "சார், மைனஸ் போச்சு."

உண்மைதான். விசில் எண்ணியதில் எக்ஸ் காஸ் எக்ஸுக்கு முன்னால் மைனஸை விட்டிருந்தேன். வீடியோவை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் டஸ்டரால் துடைத்தேன். படம் எங்கே அழியும்? மறுபடி சிரிப்பு. இனி வரும் வரிகள் எல்லாமே தப்பாகத்தான் வரும். ப்ரொஜெக்டரை அணைத்தேன். வெள்ளைப் பலகையும் நானும் மார்க்கரும் மட்டும் மிச்சம். மார்க்கரின் மூடியைத் திறந்தேன்.

"நீங்க சொல்லுங்க," என்றேன். "நான் எழுதறேன்."

ஜெயஸ்ரீ ஆரம்பித்தாள். பிறகு பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. என் கை கோணலும் மாணலுமாக எழுதியது. படிக்க முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர்களே சொன்ன வரிகள்தானே.

மணி அடித்ததும் மேடம் டைம்டேபிளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கால்குலஸுக்கு எதிரே பென்சிலில் எழுதியிருந்த ஷ்யாம்சுந்தர் பெயரின் குறுக்கே ஒரு கோடு. என்னுடையதைவிட நேரான கோடு.