சுமேரிய விருந்தில் ஒரு படி பார்லி

தேங்காய் கூடாது என்றார் சவுந்தரநாயகம். சரி. மிளகாய் கூடாது என்றார். அதுவும் சரி. தக்காளி, உருளைக்கிழங்கு, சோறு, தேத்தண்ணி என்று அவர் தள்ளிவைத்துக்கொண்டே போனபோதுதான் ரதிக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப மனுசன் எதத்தாங்க அய்யா திங்கிறது?"

"நாலாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திச் சுமேரியர் திண்டதை, தங்கச்சி. பார்லி, பருப்பு, வெங்காயம், உள்ளி, லீக்ஸ், சீரகம், மீன், ஆட்டிறைச்சி, பேரீச்சம்பழம், நல்லெண்ணெய். இதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்."

சவுந்தரநாயகம் ஓய்வுபெற்ற பொறியியலாளர். ஆதித் தமிழர் ஆய்வு மன்றம் என்று ஒன்றை வைத்து நடத்துபவர். சுமேரியர் தமிழரே என்று மூன்று புத்தகம் எழுதி, கேட்டவர் கேளாதவர் எல்லோர் கையிலும் திணித்தவர். இந்த வருடம் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தை எடுத்திருந்தார். அந்த மண்டபத்துச் சமையல் ரதியின் பொறுப்பு.

ஒரு கிழமை, ஏழு நாளும், அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். பார்லி மா ரொட்டி தட்டத் தட்ட வெடித்தது. கொதிநீர் விட்டுக் குழைத்துப் பார் என்று சொன்னவள் அவளுடைய தாய் ஆறாயி. தாயும் மகளும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒன்றாகத்தான் பஸ் ஏறி வருவார்கள். வெங்காயம் உரிப்பதும் உள்ளிப்பூண்டு இடிப்பதும் ஆறாயியின் வேலை. தட்டுக் கழுவி அடுக்குவது கையாள் பீற்றர். இறைச்சியை லீக்ஸும் சீரகமும் போட்டு நல்லெண்ணெயில் வேகவிட்டாள் ரதி. காரம் இல்லாத குறை தெரியாமல் உள்ளியை அள்ளிப் போட்டாள். வெள்ளிக்கிழமை ருசி பார்க்க வந்த சவுந்தரநாயகம் விரலை நக்கிவிட்டு, "அரண்மனைச் சாப்பாடெல்லோ இது!" என்றார். ரதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பொய் சொல்வானேன்?

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். உள்ளே சாக்குத் துணியில் தைத்த மூன்று உடுப்புகள்.

"நடிக்க வாறம் எண்ட பெடியள் கடைசி நேரத்தில காலை வாரிப்போட்டாங்கள். கோயில் களஞ்சியத்தில வேலையாட்களுக்குப் பார்லி அளந்து குடுக்கிற காட்சி. நீங்களும் அம்மாவும் பீற்றரும் இதைப் போட்டுக்கொண்டு மேடையில கீழ குந்தியிருந்தால் போதும். உங்களுக்கு நடிக்கவே தேவையில்லை."

நடிக்கவே தேவையில்லையாம்! இதை ஒரு மனிதன் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

ரதி கரண்டியைக் கீழே வைத்தாள். "அளக்கிறது யாருங்க?"

"நான்தான். களஞ்சிய அதிகாரி. ஆம்பிளைக்கு ரெண்டு படி, பொம்பிளைக்கு ஒரு படி. களிமண் பலகையளில அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. பொம்பிளையள் நாள் முழுக்க நெய்தவை, மா அரைச்சவை. எண்டாலும் பாதிதான். சரித்திரம் எண்டால் சரியா இருக்கவேணும்."

"அங்க அம்பது பேரு பட்டுச் சேலையோட வரப்போறாங்களே, அவங்களக் கூப்பிடுங்க."

"அவை விருந்தாளியள் அல்லோ."

"நான் ஆக்கித் தர்றேங்க. மடியேந்த மாட்டேன். எங்க அம்மாவும் ஏந்தாது."

"சரி, சரி, கோவிக்காதேங்கோ," என்று சிரித்தபடியே போய்விட்டார். அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள் பாருங்கள், அதுதான் மடத்தனம்.

அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஆறாயி பதினாறு வயதில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளியாகப் பேர் பதிந்தவள். அதே மலை, அதே மழை, அதே அட்டைக்கடி. ஆனால் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். தோட்டத்துப் பங்கீட்டு மாவை நிறுத்துப் போடுகிறவன் முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்ற நாட்கள் போதும் என்றுதான் ரதியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினாள்.

பன்னிரண்டு மணிக்கு ரதி இறைச்சிச் சட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினால், வெங்காயக் கூடைக்கு முன்னால் ஆறாயி இல்லை. தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பீற்றரையும் காணோம். மண்டபத்துக்குள் கைதட்டல் கேட்டது. ஈரக் கையோடு ஓடினாள்.

மேடையில், சேலைக்கு மேலே சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஆறாயி வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பீற்றர். பீற்றரின் மடியில் இரண்டு படி விழுந்து முடிந்திருந்தது. ஆறாயியின் மடியில் ஒரு படியைத் தலைதட்டிக் கொட்டினார் சவுந்தரநாயகம்.

"தலையைக் குனியுங்கோ அம்மா, படம் எடுக்கினம்."

ஆறாயி குனிந்தாள். போன்கள் எல்லாம் உயர்ந்தன. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார்: "இவர்கள் அந்நியர் அல்லர்! நம் முன்னோர்! அவர்களும் நாங்களும் ஒரே குலம், ஒரே இரத்தம்!"

ரதி விறுவிறென்று மேடையில் ஏறினாள். "எந்திரிம்மா."

"சும்மா இரு புள்ள," என்று கிசுகிசுத்தாள் ஆறாயி. "மண்டபத்து மொதலாளிகிட்ட குத்தம் சொல்லாம, மகளுக்கு இங்க வேல நெலைக்கணும்னா வாங்கன்னு அய்யா சொன்னாரு."

அட பாவி! வயதான மனுஷியிடம், அதுவும் மகள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்கிற சொல்லா இது? மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இருக்கட்டும், நல்லது.

"அய்யா, ஒரே ரத்தம்னு இப்ப சொன்னீங்க தானே?"

"ஓம், ஓம்," என்றார் அவர், சபையைப் பார்த்துச் சிரித்தபடி. "அதில என்ன சந்தேகம்?"

முன்வரிசையில், மெத்தைக் கதிரையில், சற்று முன் விளக்கேற்றிவிட்டுப் போன அவருடைய தாய் கையில் பூச்செண்டோடு உட்கார்ந்திருந்தார். ரதி அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"அப்படின்னா ஒங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. எங்க அம்மா பக்கத்துல கீழ இருக்கட்டும். சாக்க நானே கட்டி விடுறேன். ரெண்டு பேருக்கும் சமமா ஒவ்வொரு படி அளந்து போடுங்க. படம் எடுக்கட்டும்."

சவுந்தரநாயகத்தின் முகம் கறுத்தது. "என்னடி கதைக்கிறாய்? ஆரைப் பற்றிக் கதைக்கிறாய் எண்டு தெரியுமோ? அது என்ர அம்மா!"

மைக் வழியாக அந்த 'டி' கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"நான் வாயால சொன்னதுக்கே ஒங்களுக்குப் பொறுக்கல," என்றாள் ரதி. "நீங்க கீழ இருத்தியே வச்சிட்டீங்க. இது என்னோட அம்மாங்க அய்யா."

ஆறாயி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மடியிலிருந்த பார்லி மேடையெங்கும் சிந்தியது. அதைப் பொறுக்க அவள் குனியவில்லை.