எல்லைக்கல்லில் இறங்கிய மோளம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. கதவோரம் நிற்கிறவங்களும் உள்ளே வாங்க, இடம் இருக்கு. ஒரு மோளத்தோட கதை சொல்றேன், பயப்படற மாதிரி அதில் எதுவும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூணாம் வருசம் ஆடி மாசம், பிள்ளைப்பாக்கத்து எல்லைக்கல் கிட்ட, மெட்ராசுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டேப்பிலிருந்து மோளச் சத்தம் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டது. டேப் போய்விட்டது. அதில் இருந்த பாட்டும் கிதாரும் கூடவே போய்விட்டன. மோளம் மட்டும் கல்லண்டை நின்றுவிட்டது. அந்த வருசம் தக்காளி விலை கொஞ்சம் ஏறியிருந்தது. மற்றபடி ஊரில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

அந்த மோளத்தை அடித்தவன் பேர் சின்னப்பையன். பம்பைக்காரர் வீட்டுப் பிள்ளை, நடக்கிறதுக்கு முன்னாடியே தாளம் போட்டவன் என்று சொல்வார்கள். மெயின் ரோட்டோரம் ஷெட் போட்டுத் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்று வந்தபோது அதில் வேலைக்குச் சேர்ந்தான். பக்கத்திலேயே பிரஸ் மெஷின், நாள் முழுக்க இடி. சில வருசத்தில் அவன் காது மூட ஆரம்பித்தது. முதலில் கொசுச் சத்தம் போயிற்று, அப்புறம் சைக்கிள் மணி, அப்புறம் பெண்டாட்டி கிளியம்மாள் பேசுவதில் கடைசி வார்த்தை. "கடைசி வார்த்தைதான கேக்கல? நான் திட்றது எப்பவும் மொதல்லயே வந்துடும், அதனால நஷ்டம் இல்ல" என்றாள் அவள். காஞ்சிபுரத்து டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சீக்கிரமே முழுசாக மூடிவிடும், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார். சின்னப்பையன் அதற்கு அழவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. தான் அடிக்கிற மோளத்தை எட்ட நின்று, அடிக்கிற மாதிரியே, அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேசட்டில் பிடித்துப் போட்டால் பிஸ்கட் டின்னைத் தட்டுகிற மாதிரி வந்தது. "நான் அடிக்கிறது நெஞ்சுல வுழுது, டேப்புல அது பல்லுல வுழுது" என்பான். காது மூடுகிறதுக்குள் நெஞ்சில் விழுகிற மாதிரி ஒரு டேப்பைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அவனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். ஒருத்தன் ரகுபதி, எலெக்ட்ரீசியன், கிதாரைத் தானே கரண்டில் கோத்துக்கொண்டவன். இன்னொருத்தி லீலா, மாதா கோயில் உபதேசியார் மகள், திருநாளில் பாடுகிறவள். அவள் குரலில் உச்சத்துக்குப் போகும்போது ஒரு கிழிசல் விழும். சர்ச்சில் அதை மறைக்கச் சொன்னார்கள், ரகுபதி அதைத்தான் பாடச் சொன்னான். பர்மா பஜாரிலிருந்து அட்டை கிழிந்த வெளிநாட்டுக் கேசட்டுகளை வாங்கிவந்து மூன்று பேரும் கேட்பார்கள். லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும் அந்தப் பாட்டு. ஆனால் கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாகக் காதில் விழும். அந்த இரைச்சலுக்குள் அவ்வளவு சுத்தத்தை எப்படி வைத்தார்கள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. ராக் என்றார்கள் அதை. ஊர்க்காரர்களுக்கும் பேரில் ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

பதிவு செய்ய ஆள் வேண்டுமே. கோதண்டராமன் இருந்தார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுகிற மைக் செட் அவருடையது. மெட்ராசில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பெரிய ஸ்பூல் டேப் மெஷின் ஒன்றை வாங்கிவந்து, அதன்மேல் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஸ்பீக்கரில் கரகரப்பு வராமல் பார்த்துக்கொண்டவர் அவர். ரகுபதி கிதாரைத் தட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

"ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிபூட்ச்சுடா, நிறுத்து!"

"கிழியல ராமண்ணே. அது அப்டித்தான் வரணும்."

"இன்னாடா சொல்ற? ஊர்ல இருக்கறவன்லாம் கரகரப்பு போவணும்னு என்கிட்ட வரான். நீ கரகரப்பு வோணும்னு வந்துகீற?"

"ஆமாண்ணே. நல்ல கரகரப்பா வோணும்."

நல்ல கரகரப்பு எது, கெட்ட கரகரப்பு எது என்று இருவரும் வாதாடியே ஒரு வருசம் போயிற்று. அடுத்த வருசம் இடத்துக்காகப் போயிற்று. கூட்டுறவு சங்கத்து உரக் கிடங்கை விட்டால் பெரிய கூடம் ஊரில் வேறு கிடையாது. யூரியா மூட்டை நிறைய அடுக்கியிருந்தால் மோளச் சத்தம் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மாதிரி வந்தது. மூட்டையெல்லாம் விற்றுப்போய்க் கிடங்கு காலியானால் ஒரு அடிக்கு மூன்று பேர் அடித்த மாதிரி சுவரெல்லாம் பதில் சொன்னது. பாதி மூட்டை இருக்கும்போதுதான் மோளம் மோளமாகக் கேட்டது. "யூரியா வெள்ளாமைக்கா, உங்க பாட்டுக்கா?" என்று சங்கத்துச் செயலாளர் தசரதன் கேட்பார். கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிடுவார். கிடங்கில் பாதி மூட்டை நிற்பது சம்பா நாற்றுக்கு உரம் எடுக்கிற ஆடி மாசத்தில் ஒரு வாரந்தான். அந்த வருசம் அந்த வாரந்தான் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள்.

காப்பு என்றால் உங்களுக்குத் தெரியும். மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால், கூழ் ஊற்றித் திருவிழா முடிந்து அவிழ்க்கிறவரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பிள்ளைப்பாக்கத்தில் ஆளுக்கு மட்டும் கட்டுகிறதில்லை, அம்மனுக்கு முழங்குகிற வாத்தியத்துக்கும் கட்டுவார்கள். சின்னப்பையன் காலை வேளையில் தன் பெரிய மோளத்தைக் கோயிலில் அடித்துவிட்டு, மத்தியானம் அதையே உரக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போனான். நடேசன் பூசாரி கட்டிய மஞ்சள் நூல் அதன் வளையத்தில் இருந்தது. கிதாருக்கு யாரும் கட்டவில்லை. லீலா வேதக்காரப் பெண், அவளுக்கும் கட்டவில்லை.

பம்புசெட்டெல்லாம் ஓய்ந்து கரண்ட் நிதானமாக வருகிற ஒரு மத்தியானத்தில் பதிவு நடந்தது. கோதண்டராமன் ஒரு மைக்கைத் தன் சம்சாரத்தின் பழைய புடவையில் சுற்றி மோளத்துக்குள் வைத்தார், இன்னொன்றை உத்தரத்தில் தொங்கவிட்டார். சின்னப்பையன் அடித்தான், ரகுபதி கிதாரோடும் லீலா பாட்டோடும் சேர்ந்துகொண்டார்கள். மூட்டைகளிலிருந்து வெள்ளையாகத் தூசி உதிர்ந்தது. முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளாளுக்குக் கேட்டார்கள். கோதண்டராமன் கேட்டுவிட்டு எந்தக் குமிழையும் தொடாமல் டீ குடிக்கப் போனார், அதுவே பெரிய புகழ்ச்சி. சின்னப்பையன் காதுக்கு ஹெட்போன் சத்தம் எட்டவில்லை. "மெட்ராஸ்ல ரெக்கார்டு கம்பெனிக்காரன் ரூம்ல ஆள் ஒசரத்துக்கு ஸ்பீக்கர் கீதுடா. ரெக்கார்டா வரட்டும், உன்ன இட்டுகினு போயி அதுங்கிட்ட உக்கார வெக்கிறேன்" என்று ரகுபதி அவன் காதில் கத்தினான்.

கம்பெனிக்காரர் பேர் ராஜாமணி. பம்பாய் புறப்படுகிறார், திருவிழா முடியக் காத்திருக்கமாட்டார் என்று தெரிந்தது. பூசாரி யோசித்துப் பார்க்கச் சொன்னார். "ஆளுக்குத்தான் காப்பு, டேப்புக்கு ஏது காப்பு?" என்றான் ரகுபதி. அதுதான் அவன் செய்த தப்பு. அவனும் லீலாவும் டேப்பைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது பை லேசாயிற்று. லீலாவுக்கு அது தெரிந்தது, பஸ் குலுங்கியதால் என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜாமணி ஆள் உயர ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். கிதார் வந்தது. லீலாவின் குரல் வந்தது, கிழிசலோடு, அவ்வளவு சுத்தமாக. மோளம் வரவில்லை. மோளம் இருந்த இடமெல்லாம், நடுவில் கம்பி பிடுங்கின ஜன்னல் மாதிரி, வெறும் இடமாக இருந்தது.

"பொண்ணு நல்லா பாடுது. மோளக்காரர் இன்னா, லீவா?" என்றார் ராஜாமணி.

திரும்பி வந்த ரகுபதி நேராகக் கோதண்டராமன் கடைக்குப் போய், அழித்துவிட்டாயே பாவி என்று சண்டை போட்டான். கோதண்டராமன் மெஷின்மேல் இருந்த பிளாஸ்டிக் பூவின்மேல் சத்தியம் செய்தார். மனசு தாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனவர், எல்லைக்கல் கிட்டப் போனதும் சைக்கிள் மணி தானாக நடுங்குவதைப் பார்த்தார். இறங்கிக் கல்லின்மேல் காலை வைத்தார். குதிகாலில் ஏறி முழங்காலைத் தாண்டி நெஞ்சில் வந்து விழுந்தது மோளம். ஒரு அடி விடாமல் முழுப் பாட்டும். முடிந்ததும் மூச்சு வாங்குகிற நேரம் ஓய்ந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதுவரை எந்த ஸ்பீக்கரிலும் அவர் அப்படிக் கேட்டதில்லை. "புடவை சுத்தினது நான்" என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொன்னார்.

நடேசன் பூசாரி வந்து பார்த்தார். காப்போடு பிறந்த சத்தம் எல்லை தாண்டி ராத்தங்கப் போகாது, அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, தாண்டப் பார்த்தது நீங்கள்தான் என்றார். மீறின காப்பை அந்தத் திருவிழாவில் அவிழ்க்க முடியாது, அடுத்த ஆடிக்குத்தான். மற்றவர்கள் காப்பையெல்லாம் அவிழ்த்தார், மோளத்தின் நூலை மட்டும் விட்டுவிட்டார்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பெண்கள் அரிசியை முறத்தில் போட்டுக் கல்லின்மேல் வைத்தார்கள், அதிர்வில் அரிசியிலிருந்த கல்லும் குருணையும் தானாக ஒதுங்கின. பஸ்ஸுக்குக் கண்ணாடி ஆடுகிறது என்று டிரைவர் அந்த இடத்தில் மெதுவாகப் போனார், அப்படி மெதுவாகப் போனதால் அங்கே ஒரு ஸ்டாப்பிங் உண்டாயிற்று, ஸ்டாப்பிங் உண்டானதால் ஒரு டீக்கடை. கேட்டால் டேப்பில்தான் கேட்பேன் என்று சின்னப்பையன் மட்டும் கல் பக்கம் போகவே இல்லை. கார்த்திகைக்குள் அவன் காது டாக்டர் சொன்னபடி மூடிவிட்டது. மூடின பிறகு பத்து நாள் அவன் வீட்டைவிட்டு வரவில்லை. கிளியம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், செருப்பைக் கழட்டவைத்து, கல்லின்மேல் நிற்கவைத்தாள். அவன் நின்றான். முதல் தடவை முடிந்தது, மறுபடி ஆரம்பித்தது. "இதான்டி," என்றான், காது கேளாதவர்கள் பேசுகிற பெரிய குரலில், டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க. "இதான் நான் அடிச்சது. மூணாவது எடத்துல கை கொஞ்சம் முந்திடுச்சி பாரு." அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கேதான் வருவான்.

சேதி கேள்விப்பட்டு மாசி மாசத்தில் ராஜாமணி காரில் வந்தார். ஷூவைக் கழட்டிவிட்டுக் கல்லின்மேல் நின்றவர் வெகுநேரம் இறங்கவில்லை. பம்பாயிலும் இப்படி ஒரு மோளம் கேட்டதில்லை, இதை டேப்பில் ஏற்றிக் கொடுத்தால் அடுத்த நாளே ரெக்கார்டு போடுகிறேன் என்றார். மைக் வைத்துப் பிடித்துப் பார்த்தார்கள், கிடைத்தது பல்லில் விழுகிற சத்தந்தான். காப்பை அவிழ்த்தால் ஒழிய அது டேப்புக்குத் திரும்பாது என்றார் பூசாரி.

ஆடி வந்தது. ரகுபதிக்குக் கால் தரையில் இல்லை. லீலாதான் சின்னப்பையனிடம் போனாள். மணிக்கட்டில் நூல் அவிழ்க்கிற மாதிரி காட்டி, கல்லைக் காட்டி, மெட்ராஸ் பக்கம் கையை நீட்டினாள். நீட்டின கையை உடனே மடக்கிக்கொண்டாள். அவனுக்குப் புரிந்தது.

"அவுத்தா இங்க ஒண்ணும் இருக்காது, இல்ல?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "வாணாம்னு சொல்லு அண்ணே, நான் ரகுகிட்ட பேசிக்கிறேன்" என்றும் சொன்னாள். அது அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் அந்தப் பாட்டு முடிகிறவரை கல்லின்மேலேயே இருந்தான். பிறகு, "இத்தினி மாசமா நான் ஒருத்தனே உக்காந்து கேட்டுக்கினு கீறேன். உன் பாட்டு மோளம் இல்லாம மொட்டையா நிக்குது. அவுத்துடச் சொல்லு" என்றான். சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகப் பார்த்தான், கிளியம்மாள் போகவிடவில்லை. "கடைசியா ஒரு வாட்டி கேட்டுட்டு வாயா, வூடு எங்கயும் ஓடிப்பூடாது" என்று மறுபடி உட்காரவைத்தாள்.

கூழ் ஊற்றி முடித்த மத்தியானம், மோளத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து பூசாரி நூலை அவிழ்த்து ஏரியில் விட்டார். ரகுபதி டேப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஊரே பின்னால் வர, எல்லைக்கல்லைத் தாண்டினான். அந்தப் பக்கம் காரில் மெஷினை வைத்துக்கொண்டு ராஜாமணி காத்திருந்தார். போட்டார்கள். கிதார் வந்தது. குரல் வந்தது. மோளம் வரவில்லை. கல்லின்மேல் உட்கார்ந்திருந்த சின்னப்பையன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். இங்கே என்ன நடக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை.

"இன்னா பூசாரியாரே, காப்புதான் அவுத்தாச்சே!" என்றான் ரகுபதி.

"அவுத்தாச்சு. இனிமே அது போலாம்," என்றார் நடேசன் பூசாரி, கையைத் துடைத்துக்கொண்டு. "போயே ஆவணும்னு நான் எப்படிப்பா சொல்லுவேன்?"

ராஜாமணி மெஷினை நிறுத்தினார். இருக்கிறது போதும் என்று மோளம் இல்லாமலே ரெக்கார்டு போட்டார். மோளம் வரவேண்டிய இடங்களை அப்படியே காலியாக விட்டார், வேறு யாரையும் கூப்பிட்டு அடிக்கவிட லீலா ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் அது அதிகம் போகவில்லை. வாங்கினவர்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரகடத்திலிருந்தும் மெட்ராசிலிருந்தும் கையில் பேட்டரி பிளேயரோடு பிள்ளைப்பாக்கத்துக்கு பஸ் ஏறினார்கள். டீக்கடைப் பெஞ்சில் பிளேயரை வைத்து, மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, கல்லில் மோளம் ஓய்ந்து மறுபடி ஆரம்பிக்கிற அந்த மூச்சுக்குக் காத்திருந்து ஊசியை இறக்குவார்கள். இரண்டும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்து போகும். கொஞ்சம் முந்தி இறக்குகிறவர்களைப் பார்த்துச் சின்னப்பையன் பெரிய குரலில், "அவசரப்படாத தம்பி, இப்பதான் மூச்சு வாங்குது" என்பான். எண்பத்தொன்பதில் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், காலை வைத்துப் பார்த்தார்கள், ரோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. போய் நல்லா சாப்பிட்டுப் படுங்க. உங்க வூட்டு அடுப்புச் சத்தமும் புள்ளைங்க சிரிப்புச் சத்தமும் உங்க வாசலைத் தாண்டிப் போகாம உங்களோடவே இருக்கட்டும். உங்க வூட்டுல யாருக்குக் காது மங்கினாலும், கையைப் பிடிச்சு இட்டுகினு போயி உக்கார வைக்க ஒரு ஆளும், நெஞ்சுல வந்து வுழற மாதிரி ஒரு சத்தமும் கடைசிவரைக்கும் இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்க.