நல்ல தசை

நோயாளியின் தசையோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தசை வேண்டுமென்றால், டனீடின் நகரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களே முறை வைத்துத் தொடையைக் காட்டுவார்கள். இந்தத் தடவை மெரியானாவின் முறை. மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியால் கிள்ளியெடுத்த சதை பட்டாணி அளவுகூட இல்லை.

கூட வேலை செய்யும் ஃபெர்கஸ் அதைப் பனிக்கட்டியில் வைத்தே பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குழாயில் போட்டு, கண்ணாடிக் குழவியால் இதமாக இடித்தான். இங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள். கை கொஞ்சம் அழுத்தினால், செல்லுக்குள் ஆக்ஸிஜனை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உறை கிழிந்துவிடும். பிறகு எந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்த பழுப்பு வண்டலை எடுத்து, அது எவ்வளவு ஆக்ஸிஜன் குடிக்கிறதென்று பார்த்தான்.

திரையில் கோடு வழக்கமான உயரத்தில் பாதிகூட ஏறவில்லை.

"சொதப்பிட்டேன் மெரியானா. ஓங்கி இடிச்சுட்டேன் போல. உங்க கால்ல ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்."

"உருளைக்கிழங்கு மசிக்கத்தான்டா நீ லாயக்கு," என்று சிரித்தாள். ஆனால் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா ஐம்பது வயதுக்கு முன்பே, வீட்டுக்கு ஏறும் மேட்டுத் தெருவில் கால் ஓய்ந்து பாதியில் உட்கார்ந்துவிடுவாள். போன சனிக்கிழமை அதே மேட்டில் மகள் அனஹேரா உட்கார்ந்தபோது, "சோம்பேறி, நட!" என்று மெரியானாதான் விரட்டினாள். மைட்டோகாண்ட்ரியா பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சைட்டோக்ரோம் விட்டுப் பாரு," என்றாள்.

உறை கிழிந்திருந்தால் அந்தப் புரதம் ஒழுகிப் போயிருக்கும். வெளியிலிருந்து விட்டதும் கோடு எகிறும். எகிறினால் தப்பு ஃபெர்கஸின் கையில்; இல்லையென்றால் அவளுடைய தசையிலேயே. எகிறட்டும், எகிறட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினாள். இன்னொருவர் வேலை கெட்டிருக்க வேண்டுமென்று அவள் முதன்முதலாக ஆசைப்பட்டது அன்றுதான்.

ஒரு சொட்டு விட்டான். கோடு அசையவில்லை.

"அட, உறையெல்லாம் முழுசா இருக்கே! அப்ப நான் கெடுக்கல..." என்று துள்ளியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குழாயைக் கீழே வைத்தான்.

"கெடுக்கலடா. நல்லாத்தான் இடிச்சிருக்க."

"ஒரு தடவைதானே... மறுபடி எடுத்துப் பார்ப்போமே?"

"எடுப்போம்," என்றவள் வெளியே நடைவழிக்கு வந்து மகளைப் போனில் கூப்பிட்டாள். பள்ளி விடும் நேரம்.

"அனஹேரா, பஸ்ஸை விட்டு இறங்கினதும் அங்கயே உட்காரு. மேடு ஏறாத. நான் கார்ல வரேன்."

"என்னம்மா திடீர்னு? நடந்தாதான் உடம்புக்கு நல்லதுன்னு நீதானே கத்துன?"

"ஆமா," என்றாள் மெரியானா. "நான்தான் கத்தினேன்."